பகோலோதா, சிலாயா: நீக்ரோஸில் எங்கே தங்கலாம்?

பிலிப்பைன்ஸின் கரும்புச் சீமையான நீக்ரோஸ் ஆக்சிடென்டலுக்குப் போகிறவர்கள் கேட்பது இது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 15 கி.மீ.தான்.

விமான நிலையம்: பெயரில் பகோலோதும் உண்டு, இருப்பதென்னவோ சிலாயில்.

தங்குமிடம்: பகோலோதில் எல்லா விலையிலும் அறை கிடைக்கும். சிலாயில் தேட வேண்டும்.

சாப்பாடு: பகோலோதுக்கு இனசால் கோழி. எலுமிச்சைப்புல்லும், குட்டி எலுமிச்சை போன்ற கலமான்சியின் சாறும் சேர்த்து ஊறவைத்து, செந்நிற எண்ணெய் தடவிக் கரியில் வாட்டுவார்கள். பியாயாவையும் விடாதீர்கள், நம்ம ஊர் போளி மாதிரி, உள்ளே நாட்டுச் சர்க்கரை. சிலாயில் 1920 முதல் இருக்கும் எல் ஐடியல் பேக்கரி ஒன்றே போதும்.

பழமை: இதில் போட்டியே இல்லை, சிலாய்தான். கரும்பு முதலாளிகள் கட்டிய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. விக்டர் காஸ்டன் குடும்ப வீடான பாலாய் நெக்ரென்ஸ் இன்று அருங்காட்சியகம். மரத்தரையும் அகன்ற ஜன்னல்களும் அந்தச் செழிப்பைக் காட்டும். கரும்பு வெட்டிய கூலிகளின் கதை அங்கே அவ்வளவாகத் தெரியாது என்பது என் குறை.

திருவிழா: பகோலோதில் அக்டோபரில் மாஸ்கரா என்ற முகமூடித் திருவிழா. 1980இல், சர்க்கரை விலை சரிந்து ஊரே வாடியிருந்தபோது தொடங்கியது. விழா நாட்களில் அறைக்கு முன்பதிவு அவசியம்.

இரவு வெளிச்சமும் சாப்பாடும் வேண்டுமென்றால் பகோலோது. வீடுகளை நிதானமாகப் பார்க்க, வயதானவர்களோடு போக, சிலாய். இரண்டுக்கும் இடையே தலிசாயில், இரண்டாம் உலகப் போரில் எரிக்கப்பட்ட ‘தி ரூயின்ஸ்’ மாளிகைக்கு மாலையில் போங்கள்.