எழுபதுகளின் மில்ஸ் அண்ட் பூன்: இன்று வாங்கிப் படிக்கலாமா?

பழைய புத்தகக் கடையில் மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் ஆங்கிலக் காதல் நாவல்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, எடுக்கலாமா என்று கேட்டால் என் பதில்: தாராளமாக எடுங்கள், ஆனால் பின்னட்டையைப் படித்துவிட்டு எடுங்கள். நான் சொல்வது 1960களின் கடைசியிலிருந்து எழுபதுகள் முடியும்வரை வந்தவற்றை. ஒவ்வொன்றும் 190 பக்கத்தை ஒட்டி இருக்கும், ஒரு மழைநாள் மதியத்தில் முடித்துவிடலாம், நான் வாங்கும் கடையில் ஒன்று 30 ரூபாய்.

1908ல் லண்டனில் ஜெரால்டு மில்ஸும் சார்ல்ஸ் பூனும் ஆரம்பித்தபோது இது எல்லா வகைப் புத்தகமும் போட்ட பதிப்பகம், முப்பதுகளில்தான் காதல் கதைக்கென்றே ஆனது. 1971ல் கனடாவின் ஹார்லெக்வின் பதிப்பகம் இதை வாங்கிவிட்டது. சென்னையில் வாடகை நூலகங்கள் செழித்த காலத்தில் அலமாரி அலமாரியாக நின்றவை இவைதான். அதனால் இன்றும் கைக்கு வரும் பிரதிகளில் நூலக முத்திரை இருக்கும், உள்ளே ஏதாவது ஒரு பக்க ஓரத்தில் பென்சிலில் இரண்டெழுத்து இனிஷியல் இருக்கும். தலைப்பெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், ஏற்கெனவே படித்ததை மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று வாசகிகள் போட்டுவைத்த அடையாளம் அது. ஒரே பக்கத்தில் நாலைந்து பேருடைய இனிஷியலைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பிரதி மேலேயே ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

சரி, கதைக்கு வருவோம். நாயகிக்கு 19 வயது, நாயகனுக்கு 35க்கு மேல். அவன் கிரேக்கக் கப்பல் முதலாளியாகவோ ஸ்பெயின் நிலக்கிழாராகவோ இருப்பான், மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பான், கோபத்தில் முத்தமிடுவான், அவள் வேண்டாம் என்பது அவன் காதில் விழாது. பெரும்பாலும் கதை முழுக்க அவள் பார்வையிலேயே போகும், அவன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு வரிகூட இருக்காது. கடைசி நாலு பக்கத்தில்தான் முதல் நாளே உன்மேல் ஆசை வந்துவிட்டது, அதனால்தான் அப்படி நடந்துகொண்டேன் என்பான். அந்த விளக்கத்தை வைத்துத்தான் மொத்தக் கதையும் நிற்கிறது. இன்றைக்குப் படிக்கிற நமக்கோ, அந்த நாலு பக்கத்தை மூடிவைத்துவிட்டு அவன் உண்மையில் செய்ததை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காதலில்லாமல் ஏதோ ஒரு தேவைக்காகச் செய்துகொள்ளும் கல்யாணக் கதைகளில் இது இன்னும் மோசம், தாலி மாதிரி மோதிரம் ஏறிவிட்டால் அவள் சம்மதத்தைக் கேட்கும் பேச்சே இல்லை. இதைச் சும்மா அந்தக் காலத்து ரசனை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவது குற்றம் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னதே 1991ல்தான். நம் நாட்டிலோ 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 63ஆம் பிரிவிலும் கணவனுக்கான விதிவிலக்கு தொடர்கிறது. அந்தப் பக்கங்களைப் பழங்கதையாகப் படிக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் ஏன் வாங்கச் சொல்கிறேன்? முதல் 60 பக்கத்துக்காக. இந்தக் கதைகளுக்குக் காசின் அருமை தெரியும். நாயகி டைப்பிஸ்ட், நர்ஸ், யாரோ பணக்காரர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். அறை வாடகை பாக்கி, தம்பி வாங்கிய கடன், அப்பா அடமானம் வைத்த வீடு என்று எல்லாம் வரும். சமீபத்தில் படித்த ஒன்றில், வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் முன் அவள் தன்னிடம் இருக்கும் ஒரே நல்ல உடையின் காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கிறாள், ரயில் கட்டணம் போக மதியச் சாப்பாட்டுக்கு மிஞ்சுமா என்று பர்ஸில் சில்லறையை எண்ணுகிறாள். எந்த அலங்காரமும் இல்லாத ஒன்றரைப் பக்கம், அவ்வளவு துல்லியம். பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் பிரிட்டனில் 1975ல் வரும்வரை, ஒரு பெண் தன் பெயரில் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் ஆண் யாராவது ஜாமீன் போட வேண்டும் என்று திருப்பி அனுப்புவது சாதாரணம். அதைத் தெரிந்துகொண்டு படித்தால், அந்தப் பணக்காரன் முன்னால் உட்கார்ந்து கல்யாணத்துக்கு நிபந்தனை பேசுகிறாளே, அவள் முட்டாள் இல்லை, இருந்த ஒரே கதவைத் தட்டுகிறாள் என்பது புரியும். இன்று வரும் பல காதல் கதைகளில் நாயகி எவ்வளவு சம்பளம் வாங்குகிறாள், வாடகையை எப்படிக் கட்டுகிறாள் என்றே தெரிவதில்லை, எனக்கு அது பெரிய குறை.

பொறுக்கவே முடியாதது, நாயகிக்குப் போட்டியாக வரும் அந்த இன்னொரு பெண்ணை நடத்தும் விதம். நன்றாக உடுத்துவாள், சொந்தமாகச் சம்பாதிப்பாள், தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பாள், அதற்காகவே அவளைக் கெட்டவளாக்கி வெளியே துரத்துவார்கள். பெரும்பாலும் பெண்களே எழுதிப் பெண்களே படித்த கதைகளில் இது வருத்தமாகத்தான் இருக்கிறது.

வாங்குபவர்களுக்கு: மருத்துவமனைக் கதைகளை முதலில் எடுங்கள், அவற்றில் நாயகிக்குச் செய்ய வேலை இருக்கிறது, டாக்டரும் அவள் வேலையை மதிக்க வேண்டிய நிலையில் இருக்கிறார். பின்னட்டையில் பழிவாங்கல் என்று இருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன். தையல் இல்லாமல் பசை போட்டு ஒட்டியவை என்பதால் முதுகை விரித்தால் தாள் தாளாகக் கழன்றுவிடும், தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டு நாள் நிழலில் காற்றாட வைத்துப் படியுங்கள். காசு கொடுக்கும் முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், பல பிரதிகளில் அதுதான் முதலில் காணாமல் போகிறது.