செம்பெயர்ச்சியை அளக்க நிறமாலையா, வண்ண வடிகட்டியா?

தொலைவிலுள்ள விண்மீன்திரளின் ஒளி நம்மை வந்தடைவதற்குள் விரியும் வெளியோடு சேர்ந்து நீண்டு, சிவப்பை நோக்கி நகர்ந்துவிடுகிறது. இதுதான் செம்பெயர்ச்சி. எவ்வளவு நகர்ந்தது என்று அறிய இரண்டு வழிகள் உண்டு.

ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை வழி கைரேகை பார்ப்பது போன்றது. ஹைட்ரஜனின் ஒரு சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டரில் இருக்க வேண்டும். அதுவே 1312.6-இல் தெரிந்தால் அலைநீளம் இரட்டித்திருக்கிறது; கூடியது மூல அலைநீளத்தின் ஒரு மடங்கு என்பதால் செம்பெயர்ச்சி 1. கோடுகளை அடையாளம் கண்டுவிட்டால் அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் மங்கலான திரளுக்கு மணிக்கணக்கில் ஒளி சேர்க்க வேண்டும்.

வடிகட்டி வழியில் சில வண்ணங்களில் படமெடுத்து, எதில் திரள் காணாமல் போகிறது என்று பார்க்கிறார்கள்; ஒரு எல்லைக்குக் கீழான அலைநீளங்களை ஹைட்ரஜன் விழுங்கிவிடுவதால், அந்த எல்லை எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ அதுவே செம்பெயர்ச்சியைக் காட்டும். ஒரே படத்தில் ஆயிரக்கணக்கான திரள்கள் அகப்படும். வேகம்தான் இதன் பலம், அவசரம்தான் பலவீனம்.

சீயர்ஸ்-93316 என்ற விண்மீன்திரள் இதற்குச் சரியான சாட்சி. 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களை வைத்து அதன் செம்பெயர்ச்சி சுமார் 16 என்று கணித்தார்கள். பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளில் இருந்த திரள் என்றால் பரபரப்புக்குக் கேட்கவா வேண்டும்! 2023-இல் நிறமாலை வந்தது. உண்மையான மதிப்பு 4.9 மட்டுமே. ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் பிரகாசமான கோடுகள் சில வடிகட்டிகளுக்குள் விழுந்து, தொலைதூரத் திரளின் சாயலைக் காட்டி ஏமாற்றியிருந்தன.

அதற்காக வடிகட்டியை ஒதுக்கிவிட முடியாது. நிறமாலைக்கு எதை அனுப்புவது என்று சலித்துக் கொடுப்பதே அதுதான். ஆனால் 'மிகத் தொலைவான திரள்' என்ற செய்தியைப் படித்தால், நிறமாலை எடுத்தார்களா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.