சட்டத் தடையா, கூட்டுத் திட்டமா: பாக்கு நீரிணைக்கு எது பொருந்தும்?

இலங்கை நாடாளுமன்றம் 2017 யூலையில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. பாரமான மடி கடலடியை உழுது, மீன்குஞ்சுகளையும் சாதாழையையும் (கடற்புல்) ஒன்றாக வாரிக்கொண்டு போவதைக் கண்டவர்களுக்கு அந்தத் தடையின் நியாயம் விளங்கும். சட்டம் தெளிவானது, மீறுவோரின் படகைப் பிடிக்கக் கடற்படைக்கு வலுவளிக்கிறது. ஆனால், யாழ்ப்பாணத்துக் குருநகரில் இழுவைப்படகு வைத்திருப்பவர் கடனை எப்படி அடைப்பார், எந்தத் தொழிலுக்கு மாறுவார் என்பதற்கு அது விடை சொல்வதில்லை.

மற்றைய வழி, இலங்கை, இந்திய அரசுகளும் இரு கரைக் கடற்றொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்து திட்டமிடுவது. 2016 நவம்பரில் டெல்லிப் பேச்சுகளைத் தொடர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவதென்று கூட்டுச் செயற்குழு அமைக்கப்பட்டது. இந்த வழி மெதுவானது. பேச்சு இழுபட, மடியும் இழுபட்டுக்கொண்டே இருக்கும் (கசப்பான பகிடிதான்).

இருந்தாலும், கடலை நாள்தோறும் பார்ப்பவரின் அறிவு இந்த வழியில்தான் திட்டத்துக்குள் வரும். அக்கரையான தமிழ்நாட்டின் இழுவைப்படகுகள் நம் கடலுக்குள் வழமையாகத் திங்கள், புதன், சனி நாட்களில் வருவதால், வலை அறுந்துபோகுமென்று அஞ்சி நம்மவர்கள் அந்த இரவுகளில் வலை விடுவதில்லை. தமிழ்நாட்டின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கியதும் அதே வலைகள் அச்சமின்றி இறங்குகின்றன. இத்தகைய நாட்காட்டியை இரு கரைகளும் ஒத்துக்கொண்டு எழுதினால், தடைச்சட்டத்தை அதற்கு வேலியாக வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதில் முதலில் எழுதவேண்டியது நெடுந்தீவுக் கடல்.