பீக் ஃப்ளோ மீட்டர்: சில வருஷப் பாவனைக்குப் பிறகு

மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா), மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை வாங்கிக் கொடுக்கலாமா என்று அக்கரைப்பற்றிலிருந்து கூட்டாளி ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் தொய்வுதான்; இங்கே சம்மாந்துறையில் நெல் வேளாண்மை வெட்டு நடந்து தூசி பறக்கிற நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறார். நேற்றுக் காலையும் என் மீட்டரில் முள் சிக்கிவிட்டது, அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

முள்ளைப் பூச்சியத்துக்குத் தள்ளிவிட்டு, எழும்பி நின்று, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, உதட்டை இறுக்கி ஒரே ஊதாக ஊத வேண்டும். மூன்று தரம் ஊதிக் கூடினதை எழுதுவேன். என் முள் 300க்குக் கொஞ்சம் மேலே தடக்குகிறது. எச்சில் ஈரத்தில் பதர்த்தூசி ஒட்டி, அது ஓடுகிற தவாளிப்பில் படிந்துவிடுகிறது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் சில நாள் ஓடும், பிறகு பழையபடிதான். மூச்சு உண்மையிலேயே இறங்கிய நாளிலும் முள் அந்த இடத்தில்தான் நிற்கும். அப்போது பிழை நெஞ்சிலா மீட்டரிலா என்று எப்படித் தெரியும்?

புதுசு வாங்கினால் போச்சு என்பார்கள். ஆனால் ஒரு மீட்டர் காட்டும் இலக்கத்தை இன்னொன்று அப்படியே காட்டாது. சுகமாக இருந்த காலத்தில் இதில் எனக்கு வந்த உச்சம் நிமிடத்துக்கு 480 லீட்டர். அதன் 80 சதவீதம், அதாவது 384க்கு மேலே பச்சை, பயமில்லை. அதிலிருந்து 240 வரை மஞ்சள், கவனம். அதற்குக் கீழே சிவப்பு, பம்ப்பை (இன்ஹேலர்) அடித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மீட்டரை மாற்றினால் இந்த உச்சத்தையே முதலிலிருந்து தேட வேண்டும்.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். தொய்வு பழகிய நெஞ்சு சின்ன இறுக்கத்தைக் காட்டிக்கொடுக்காது. போன வெட்டுக் காலத்தில் ஒரு நாள் விடியற்காலை இழுப்பும் இல்லை, இருமலும் இல்லை, முள் மட்டும் 360இல் நின்றது. வெட்டு மெஷின் ஓடுகிற வட்டை, அதாவது வயல், பக்கம் போகாமல், டொக்டர் எழுதித் தந்தபடி பம்ப் எடுத்தேன். பின்னேரம்தான் நெஞ்சு இறுகத் தொடங்கியது. அன்று மீட்டர் இல்லாவிட்டால் வட்டையில் நின்றிருப்பேன்.

மூச்செடுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கும், விலா விரியும், நெஞ்சுக்குள் அமுக்கம் குறையும், காற்று உள்ளே வரும். மூச்சுக்குழல்களும் அப்போது கொஞ்சம் விரியும், விடும்போது ஒடுங்கும். தொய்வுக்காரருக்குக் குழலைச் சுற்றிய தசை ஏற்கெனவே இறுகி, உட்சுவர் வீங்கி, சளியும் சேர்ந்திருக்கும். அதனால் மூச்சை வெளியே விடுவதுதான் பெரும்பாடு. சீராக ஓடும் காற்றுக்குக் குழலின் ஆரை பாதியானால் தடை 16 மடங்காகும். நெஞ்சுக்குத் தெரியாத ஒடுக்கம் முள்ளுக்குத் தெரிவது இதனால்தான். ஆனால் அது பார்ப்பது பெரிய குழல்களை. சின்னக் குழல்களில் நடப்பது இதில் சரியாகத் தெரியாது.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். நாக்கால் அடைத்து, துப்புகிற மாதிரி 'தூ' என்று தள்ளினால் முள் பறக்கும். அது நெஞ்சின் பலமல்ல, வாயின் வேலை. விளையாடப் போக வேண்டிய நாட்களில் என் தம்பியின் மகன் அப்படித்தான் பச்சைக்கு வந்துவிடுவான். பக்கத்தில் நின்று நாக்கையும் கன்னத்தையும் பார்த்தால் பிடித்துவிடலாம், ஆனால் தினமும் நிற்க வேண்டும்.

ஆகவே கூட்டாளி, என்னைக் கேட்டால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். என்னை எத்தனையோ இரவுகள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காப்பாற்றிய சாமான்தான், இருந்தும் வேண்டாம். மகனிடம் ஸ்பேசர், அதாவது பம்ப்பில் மாட்டி மருந்தை மூச்சோடு இழுக்கிற குடுவை, இல்லையென்றால் அந்தக் காசில் முதலில் அதை வாங்குங்கள். பம்ப்பை நேரே வாய்க்குள் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிவிடும்.