நாலு வருஷமாக ஆன்லைன் மேப்பில் கண்மாய் வரைகிறேன், இன்னும் ஒரு பூட்டு இல்லை

பக்கத்து ஒன்றியத்து நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "எங்க ஊர் கண்மாயையும் உங்கள மாதிரி மேப்புல போடணும், நீங்க எதுல வரையிறீங்க?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. பாதி நேரம் அதைப் புகழ்ந்தேன், மீதி நேரம் கோபத்தில் கத்தினேன், கடைசியில் அவர் குழம்பிப்போய் வைத்துவிட்டார். அதனால் எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தளத்தின் பெயர் வேண்டாம். உலாவியில் ஓடும், இலவசம், ஒரு கணக்கு இருந்தால் போதும். செயற்கைக்கோள் படத்தின் மேல் புள்ளி வைக்கலாம், கோடு இழுக்கலாம், பரப்பு வரையலாம், குறிப்பு எழுதலாம், போட்டோ சேர்க்கலாம், நாலு பேருடன் பகிர்ந்து சேர்ந்து திருத்தலாம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான் இருப்பது சிவகங்கைப் பக்கம். இங்கே கண்மாய்கள் ஒன்றுக்கொன்று தொடுத்தவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) தாண்டினால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. நடுவில் ஒரு கால் (வாய்க்கால்) அடைந்தால் கீழே நாலு ஊர் காயும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத்துறை (முன்பு பொதுப்பணித்துறை) வசம், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியம் வசம் என்று பிரித்திருப்பதால், ஒரே தொடரில் மேல் கண்மாய் ஒருவரிடமும் கீழ்க் கண்மாய் இன்னொருவரிடமும் இருக்கும். முழுத் தொடரையும் ஒரே தாளில் யாரும் வைத்திருக்கவில்லை என்பதால்தான் 2021 மழைக்குப் பிறகு நான் வரையத் தொடங்கினேன். இன்றைக்கு அதில் பதினொரு கண்மாய், எல்லா மடையும் (பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்) கலுங்கும், முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரத்துக்கால் இருக்கிறது.

வரைவது சுகமான வேலை. உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கி, கரையின் நிழலைப் பிடித்துக்கொண்டே புள்ளி புள்ளியாகப் போய், கடைசிப் புள்ளியில் இரண்டு முறை தட்டினால் கோடு முடிந்தது. பரப்பை மூடியதும் எத்தனை ஹெக்டேர் என்று அதுவே சொல்லிவிடும். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருப்பதோடு அப்படியே ஒப்பிடலாம் (ஒரு ஏர் என்பது 2.47 சென்ட்). சீமைக்கருவேலம் மூடிய கால்கள் மட்டும் மேலிருந்து தெரியாது. பச்சையாக ஒரு பட்டை ஓடும், அதற்குள் கால் எங்கே என்று நடந்துதான் பார்க்க வேண்டும். பழைய வருடப் படங்களைப் புரட்டிப் பார்க்கக் கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பு உதவியது. கருவேலம் மண்டாத வருடத்துப் படத்தில் கால் பளிச்சென்று தெரிந்தது. புலப்பட (நில அளவைப் படம்) நகலை ஸ்கேன் செய்து அதன் மேல் போர்த்தி வைத்துப் பார்ப்பதும் அதில் முடியும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

திருத்தும் நிலையில் இருக்கும்போது, கோட்டின் ஒவ்வொரு முனையிலும், அதாவது நாம் தட்டிய ஒவ்வொரு புள்ளியிலும், சின்ன வெள்ளை வட்டம் தெரியும். இரண்டு வட்டத்துக்கு நடுவில் மங்கலாக இன்னொன்று இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் புதிதாக ஒரு முனை உண்டாகும். வரையும்போது அருமையான வசதி. ஆனால் நமக்கு வேண்டியது வரைபடத்தை நகர்த்துவது. விரல் வைத்து இழுக்கிறோம், விரல் போய் உட்காரும் இடத்தில் ஒரு வட்டமோ மடையின் புள்ளியோ இருந்தால் வரைபடத்துக்குப் பதில் அது நகர்கிறது. நகர்ந்ததும் தளம் தானாகவே சேமித்துக்கொள்கிறது. "நகர்த்தட்டுமா?" என்று ஒரு கேள்வி கிடையாது. இது முடிந்த வேலை, இதைத் தொடாதே என்று ஒரு பொருளைப் பூட்டி வைக்க வழியே இல்லை. நாலு வருஷமாகத் தேடுகிறேன், கருத்துப் பெட்டியில் மூன்று முறை எழுதிவிட்டேன்.

எவ்வளவு நகரும், ஒரு முடி அளவுதானே என்று நினைக்க வேண்டாம். இந்த வகை வரைபடங்களில் 17ஆம் ஜூமில் (படத்தைப் பெரிதாக்கும் அளவு) ஒரு பிக்சல் என்பது தரையில் சுமார் 1.2 மீட்டர். திரையில் ஐம்பது பிக்சல் என்பது ஒரு விரல் அகலம்கூட இல்லை, நிலத்தில் அது ஒரு வயலின் அகலம்.

அப்படித்தான் ஆனது. போன வருடம் அக்டோபர் 2 கிராம சபைக்கு வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் மடையைச் சரிசெய்யத் தீர்மானம் கேட்பதுதான் திட்டம். தாளை விரித்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். எனக்குப் பெரியப்பா முறை. "என்னப்பா தம்பி, என் வயலுக்குள்ள மடைய வச்சிருக்க? நாளைக்கு இதக் காட்டி என் நிலத்தக் கண்மாய்னு சொல்லவா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். மடைப் புள்ளி கரையை விட்டு இறங்கி அவர் வயலுக்கு நடுவில் நின்றது. நான் வைத்த இடம் அதுவல்ல என்று சொன்னேன், யார் நம்புவார்கள்? எங்கள் பக்கம் கண்மாய் எல்லை என்பது கோர்ட்டு வரை போகும் விஷயம். தீர்மானம் தள்ளிப்போனது. அந்த மனிதர் மூன்று மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

எப்போது நகர்ந்தது, யார் கை பட்டது என்று பார்க்கத் தளத்தில் வழி இல்லை. திருத்தும் உரிமை ஐந்து பேருக்கு இருந்தது. உடனே கவனித்தால் செய்ததை ஒரு படி திரும்பப் பெறலாம், பக்கத்தை மூடிவிட்டால் அதுவும் போச்சு. நல்லவேளையாக மார்ச்சில் ஒரு கேஎம்எல் கோப்பு (வரைந்த புள்ளி, கோடுகளை எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) இறக்கி வைத்திருந்தேன். அதையும் புதிதாக இறக்கியதையும் நோட்பேடில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். மூன்றாம் மடையின் அட்சரேகையில் நாலாவது தசமத்தில் 5 கூடியிருந்தது. 0.0005 டிகிரி என்றால் தரையில் 55 மீட்டர். அந்த ஒரு இலக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அது மட்டுமா, ஏழு இடத்தில் கால்கள் வளைந்திருந்தன, எல்லாம் இதே இழுப்பு.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இந்த நாலு வருஷத்தின் மிக நல்ல விஷயத்தையும் எனக்குக் கொடுத்தது, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

கால் வரையும்போது எனக்கு நெடுநாள் குறை ஒன்று இருந்தது. இந்தத் தளத்தில் கோட்டுக்குத் திசை கிடையாது. நிறம் மாற்றலாம், தடிமன் மாற்றலாம், அம்புக்குறி போட முடியாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டாத வாய்க்கால் படம் என்ன படம்? ஒவ்வொரு கோட்டின் குறிப்பிலும் "வடக்கிலிருந்து தெற்கே" என்று எழுதிக்கொண்டிருந்தேன். அன்று கோப்பைத் திறந்து படிக்கும்போதுதான் கவனித்தேன், புள்ளிகள் நான் தட்டிய வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. முதல் புள்ளி முதலில், கடைசிப் புள்ளி கடைசியில். அப்படியென்றால் திசை எப்போதும் உள்ளேயே இருந்திருக்கிறது, தளம் காட்டவில்லை, அவ்வளவுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (எல்லாரும் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடம்) ஓடைகளையும் வாய்க்கால்களையும் நீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும் என்பது வழக்கம், கோட்டின் திசைதான் ஓட்டத்தின் திசை என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

கோப்பைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் போட்டுக் கோடுகளுக்கு அம்புக்குறி பாணி கொடுத்தேன். முப்பது கிலோமீட்டரும் ஒரே நொடியில் ஓடத் தொடங்கியது போல இருந்தது. எங்கள் நீர்பாய்ச்சி (வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்) மேலிருந்து கீழே நடக்க, அவர் பின்னாலேயே போய்க் குறித்துவந்து அதே வரிசையில் வரைந்திருந்ததால், கிட்டத்தட்ட எல்லா அம்பும் சரியாக இருந்தது. வரத்துக்கால் என்று பெயர் எழுதிய ஒன்று மட்டும் கண்மாயை விட்டு வெளியே போனது. நான்தான் தலைகீழாக வரைந்துவிட்டேன் என்று நினைத்து, அச்செடுத்து அவரிடம் காட்டினேன். அவருக்கு வாசிக்க வராது. அம்புகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்து அந்த ஒன்றில் நிறுத்தி, "இது சரியாத்தான இருக்கு, இது கலுங்குத் தண்ணி போற காலு, வரத்து இல்ல. நீதான் பேரத் தப்பா எழுதிட்ட" என்றார். நடந்தபடி வரைந்த கோடு சரி, வீட்டுக்கு வந்து நான் எழுதிய பெயர்தான் தப்பு. குறிப்புகளைப் படிக்க முடியாத மனிதர் அந்தப் படத்தை முழுசாகப் படித்தார். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். கேஎம்எல்லில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை பிறகு. ஜியோஜேசன் என்ற இன்னொரு வகைக் கோப்பிலும் அப்படியே. கையால் மாற்றி எழுதினால் சிவகங்கைப் புள்ளி நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழும், கவனம். தேடலில் "கலுங்கு" என்று அடித்தால் "கழுங்கு" என்று எழுதியது வராது, எழுதும் எல்லாரும் ஒரே எழுத்துமுறை வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎப் ஆக்கும்போது எனக்குத் தமிழில் கொம்பும் காலும் தனித்தனியாக விலகி நின்றன. திரையைப் படம் பிடித்து அச்செடுப்பதே மேல். ஒரு படத்தின் மேல் சரியாக வரைந்த கோடு வேறு வருடப் படத்தில் சில மீட்டர் தள்ளித் தெரியும். அது கோட்டின் தப்பில்லை, படங்கள் பொருந்தி உட்காராததால் வருவது, அதற்காகக் கோட்டை நகர்த்தாதீர்கள்.

இப்போது நண்பரின் கேள்விக்கு நேரடிப் பதில். நான் இந்தத் தளத்தை விடப்போவதில்லை, நாலு வருஷ உழைப்பு அதில் இருக்கிறது, அது இல்லாமல் எங்கள் கண்மாய்த் தொடர் ஒரு தாளில் வந்திருக்கவே வராது. ஆனால் நீங்கள் இதில் தொடங்க வேண்டாம். யூமேப் என்ற இலவச வரைபடத் தளத்தில் தொடங்குங்கள். அதிலும் விரல் இழுத்தால் புள்ளி நகரத்தான் செய்யும், ஆனால் அடுக்கின் (தனித்தனியாகப் பிரித்து வைக்கும் வரைபடத் தொகுதி) பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகலாம், எந்த அடுக்கை யார் திருத்தலாம் என்று தனித்தனியாக வைக்கலாம். மடைகளை ஒரு அடுக்கில் போட்டு அதன் உரிமையை உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பார்வையிட மட்டும் உள்ள இணைப்பையே எல்லாருக்கும் கொடுங்கள். மாதம் ஒருமுறை கோப்பை இறக்கித் தேதி போட்டு வையுங்கள். அச்செடுக்கும் முன் ஒவ்வொரு மடையையும் கண்ணால் பாருங்கள்.

பெரியப்பா பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தார். மூன்றாம் மடை இப்போது கரையில் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டினேன். அவர் பார்க்கத் திரையை நீட்டும் முன்பு, திருத்தும் நிலையிலிருந்து வெளியே வந்துவிட்டேனா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.