ஆசியத் திகிலில் முதல் அடி: 'குவைதான்' அல்லது 'த்ரீ எக்ஸ்ட்ரீம்ஸ்'

ஆசியத் திகில் படங்களை எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, பல குறுங்கதைகளைத் தொகுத்த ஒரே படத்தில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு கதை பிடிக்காவிட்டாலும் அடுத்தது காத்திருக்கும்.

மசாகி கோபயாஷி இயக்கிய 'குவைதான்' (1964) நான்கு ஜப்பானியப் பழங்கதைகள், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். படப்பிடிப்பு அரங்குக்குள் வரைந்த வானம். பனிப்பெண் கதையில் அந்த வானத்திலேயே கண்கள் விழித்துப் பார்க்கும். இன்னொரு கதையில், பார்வையற்ற இசைஞன் ஹோய்ச்சியை ஆவிகளின் கண்ணிலிருந்து மறைக்க, உடல் முழுக்கப் புத்த சூத்திரத்தை எழுதுகிறார்கள். காதுகளை மட்டும் மறந்துவிடுகிறார்கள். தேடி வரும் ஆவிக்குத் தெரிவது அந்தரத்தில் தொங்கும் இரண்டு காதுகள்தான். அப்போது எழும் பயம் மெல்ல ஏறும், லேசில் இறங்காது. தோரு தாகெமித்ஸுவின் இசையில் நிசப்தமே பாதி வேலையைச் செய்துவிடும்.

'த்ரீ எக்ஸ்ட்ரீம்ஸ்' (2004) வேறு ரகம். ஹாங்காங்கின் ஃப்ரூட் சான், கொரியாவின் பார்க் சான்-வூக், ஜப்பானின் தகாஷி மீக்கே ஆளுக்கொரு கதை. சானின் கதையில் இளமையைத் திரும்பப் பெற ஒரு முன்னாள் நடிகை கொழுக்கட்டை சாப்பிடுகிறாள். பூரணம் என்னவென்று தெரிந்த பிறகு, அவள் மெல்லும் சத்தமே வயிற்றைப் புரட்டும். பார்க்கின் கதையில் ரத்தம் கொஞ்சம் அதிகம். மீக்கேயுடையது கனவு போல நழுவும்.

மூன்று நாட்டுப் பாணிகளை ஒரே இரவில் ருசிக்க இரண்டாவது படம்தான் வசதி. ஆனால் என் ஓட்டு 'குவைதானு'க்கே. விளக்கை அணைத்துவிட்டு, ஹோய்ச்சி கதையை மட்டுமாவது முதலில் பாருங்கள்.