சேலத்தில் கைமாறும் பழைய 8085 ட்ரெயினர் கிட்: வாங்கலாமா?

பாலிடெக்னிக் லேபுகள் கழித்துக்கட்டிய 8085 கிட் (8085 மைக்ரோபிராசசரில் புரோகிராம் எழுதிப் பழகும் போர்டு), சேலத்தில் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்பவர்களிடம் அவ்வப்போது வரும். ஹெக்ஸ் (0-9, A-F என 16 இலக்க எண்முறை) கீபேட், முகவரிக்கு 4, டேட்டாவுக்கு 2 என ஆறு இலக்க டிஸ்ப்ளே, வெளிக் கருவிகளை இணைக்கும் 8255, நேரம் எண்ணும் 8253, கீபேட்-டிஸ்ப்ளேயைக் கவனிக்கும் 8279 ஐசிகள் எல்லாம் ஒரே போர்டில். எம்பெடெட் (கருவிக்குள்ளேயே பொருத்திய கணினி) வேலையை அடியிலிருந்து கற்க இதைவிட நல்ல பலகை இல்லை என்றே சொல்வேன். ஆனால் மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ரேமுக்குப் பக்கத்தில் நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் முதல் பார்வை அதன்மேல். வருஷக்கணக்கில் கிடந்தால் கசிந்து, பச்சை பூத்து, செப்புத் தடங்களைத் தின்றிருக்கும். கசிவு பேட்டரிக் காலோடு நின்றிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, வினிகர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். 6264 ரேம் ஐசியின் சாக்கெட்டுக்குக் கீழே வரை பரவியிருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் இருந்த போர்டு என்றால் ஐசி கால்கள் கருத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப அழுத்தினாலே பல சமயம் உயிர் வந்துவிடும். ஈப்ராம் (புற ஊதா ஒளியில் அழியும் நினைவக ஐசி) கண்ணாடி மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். நேரடி வெயில் ஒரு வாரம் பட்டாலே கிட்டை இயக்கும் மானிட்டர் புரோகிராம் அழிந்துவிடும்.

டிஸ்ப்ளே எரியவில்லையா? 8085-இன் 40-ஆம் காலில் 5 வோல்ட், 37-இல் 3.072 மெகாஹெர்ட்ஸ் கிளாக் (6.144 கிரிஸ்டலில் பாதி), 30-இல் ஏஎல்ஈ (முகவரி வந்ததைச் சொல்லும் சிக்னல்) துடிப்பு இருக்கிறதா பாருங்கள். கிளாக் வந்தும் ஏஎல்ஈ துடிக்கவில்லை என்றால், ரீசெட் (36) தாழ்ந்தே கிடக்கிறதா, ஹோல்டு (39) உயர்ந்து நிற்கிறதா, ரெடி (35) தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கிட்டின் அருமை ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும்) மோட்டாரில்தான் தெரியும். எஃப்ஆர்சி (தட்டை ரிப்பன்) கேபிளைத் திருப்பிச் செருகினால் 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி 8255 போய்விடும். சிவப்புக் கோடு 1-ஆம் கால் பக்கம் வர வேண்டும். 8255-இன் மூன்று போர்ட்டும் அவுட்புட் ஆக, அதற்கு எழுதும் கன்ட்ரோல் வார்டு ஹெக்ஸில் 80. அதை லூப்புக்குள் எழுதாதீர்கள். எழுதும்போதெல்லாம் அவுட்புட் பூஜ்யமாகும். மோட்டாருக்கு யுஎல்என் 2003 டிரைவர் ஐசி வழியாகத் தனி 12 வோல்ட், கிரவுண்டு மட்டும் பொது.

மாணவர்கள் மாட்டிக்கொள்வது டிலேயில், அதாவது இரு ஸ்டெப்புக்கு நடுவே காக்க வைக்கும் லூப்பில். டிஇ போன்ற ரெஜிஸ்டர் ஜோடியில் ஒன்றைக் குறைக்கும் டிசிஎக்ஸ், பூஜ்யமானதைக் காட்டும் கொடி எதையும் தொடாது. அதனால் 'மூவ் ஏ, இ' போட்டு 'ஓஆர்ஏ டி' செய்து, பிறகு ஜேஎன்இசட் (பூஜ்யமில்லை என்றால் திரும்பத் தாவு). 6+4+4+10, ஆக 24 டி-ஸ்டேட் (கிளாக் துடிப்பு). ஒரு சுற்றுக்கு 7.8125 மைக்ரோ செகண்ட். டிஇ ஜோடியில் ஹெக்ஸ் 0280, அதாவது 640, போட்டால் 5 மில்லி செகண்ட். ஆனால் லூப் முடியும்போது ஏ ரெஜிஸ்டரில் மிஞ்சுவது பூஜ்யம். மோட்டார் பேட்டர்ன் ஏ-யிலேயே இருந்தால், முதல் ஸ்டெப்போடு மோட்டார் நின்றுவிடும். பிட்டுகளைச் சுழற்றும் ஆர்எல்சி கட்டளை எத்தனை முறை சுழற்றினாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். பேட்டர்னை பி-யில் வையுங்கள். மோட்டார் குற்றமில்லை, டிரைவர் குற்றமில்லை என்பதை டிஸ்ப்ளேயில் ஏ-யைப் பார்த்தே பிடித்துவிடலாம். இன்றைய போர்டுகளின் ஒரே வரி டிலே கட்டளையில் இந்த அறிவு கிடைக்காது.

8080-க்கு மூன்று மின்னழுத்தம் தேவைப்பட்டது. 1976-இல் வந்த 8085-க்கு 5 வோல்ட் ஒன்றே போதும். இதன் சீமாஸ் (குறைந்த மின்சாரம் இழுக்கும்) வகையான 80சி85 தான் 1997-இல் செவ்வாயில் ஓடிய நாசாவின் சோஜர்னர் வண்டியின் மூளை.

குறைகள்: ஹெக்ஸ் கோடைக் கையால் அடிப்பது அலுப்பு, தேய்ந்த கீ ஒரே எண்ணை இரண்டு தடவை போடும். பேட்டரி இல்லாவிட்டால் கரண்ட் போனதும் புரோகிராமும் போகும். மேனுவல் சேர்ந்து வந்தால் மட்டும் கேட்ட விலையைக் கொடுங்கள். போர்ட் முகவரி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவல் இல்லையென்றால் முகவரியைப் பார்த்து ஐசியைத் தேர்வு செய்யும் 74எல்எஸ்138 டிகோடரிலிருந்து ஒவ்வொரு தடமாக மல்டிமீட்டரில் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.